பிள்ளைங்க பிடிச்ச பிள்ளையாரைத் திருத்த வேண்டாமே



போன ஞாயிறு சமய வகுப்பில் ஒன்றாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு பிள்ளைங்களுக்கு பிளாஸ்டிசின்ல பிள்ளையார் படம் செய்யச் சொல்லிக் கொடுத்தோம். படங்களை இங்கே போட்டதும் நிறைய பேர் லைக் கொடுத்தீங்க, நன்றி. ஆனா வாட்ஸ்அப் குழுவுல ஒருத்தர் கேட்டார், "தேவாரம் படிக்கிற நேரத்துல மண்ணு விளையாட்டு எதுக்கு?"

நியாயமான கேள்விதான். ஏழு வயசுப் பிள்ளைக்கு விரல்ல இன்னும் பலம் வந்திருக்காது. 'ஞ', 'ண' எழுதும்போது கை வலிக்குதுன்னு அழுறதை வீட்டுல பார்த்திருப்பீங்க. பிசைஞ்சு, உருட்டி, கிள்ளி வைக்கும்போது அந்த விரல்தான் பழகுது. 1897-ல் பிளாஸ்டிசினைக் கண்டுபிடிச்ச வில்லியம் ஹார்பட்டும் இங்கிலாந்துல ஓர் ஓவிய ஆசிரியர்தான்.

சொல்லிக் கொடுக்கிறதுல எங்களுக்கே பாடம் இருந்துச்சு. ஏசி மண்டபத்துல அது கல்லு மாதிரி ஆயிடுது. முதல்ல உள்ளங்கையில வச்சு சூடு பண்ணணும். வெறும் அட்டையில செஞ்சா எண்ணெய் ஊறிடும், அதனால ஐஸ்கிரீம் டப்பா மூடிதான் நல்லது. உருண்டையை அப்படியே ஒட்டினா விழுந்திடும். பெருவிரலால அழுத்தித் தேய்ச்சு மெல்லிசா பரப்பணும். அதுக்கு மேல காது, கடைசியா தும்பிக்கை. முறுக்கு மாவு மாதிரி நீளமா உருட்டினா தும்பிக்கை தானா வளையும். எல்லா நிறத்தையும் கலந்துட்டா அப்புறம் பிரிக்க முடியாது. ரெண்டு பேரோட பிள்ளையார் மைலோ கலர்ல வந்தார்!

இப்போ எங்க மனசை உறுத்துற விஷயம்.

ஒரு பெண் பிள்ளை தும்பிக்கையை நெத்தியில ஒட்டியிருந்தா. காது ரெண்டும் ரொட்டி சானாய் மாதிரி. பார்த்த ஒரு பெரியவர், "பிள்ளையார் பிடிக்கக் குரங்கா ஆயிடுச்சே"ன்னார். தமாஷாத்தான் சொன்னார். எல்லாரும் சிரிச்சாங்க, நாங்களும் சிரிச்சோம். அந்தப் பிள்ளை ஒண்ணும் பேசல. முழுசையும் கசக்கி ஓர் உருண்டையாக்கிட்டா. உடனே நாங்களே உட்கார்ந்து அழகா ஒரு பிள்ளையார் செஞ்சு அவ கையில கொடுத்துப் படம் பிடிச்சோம். நீங்க அதிகமா லைக் போட்டீங்களே, அந்தப் படம்தான். அது அவ செஞ்சது இல்ல. வீட்டுக்கும் அவ எடுத்துட்டுப் போகல.

தொழிற்சாலையில சூப்பர்வைசரா இருந்து ரிஜெக்ட் போட்டே பழகின கை. கோணலைப் பார்த்தா சும்மா இருக்காது. ஆனா ஒண்ணு யோசிங்க. எந்தப் பூசைக்கும் முதல்ல மஞ்சள்ல பிள்ளையார் பிடிச்சு வைக்கிறோம். அதுக்குத் தும்பிக்கை எங்கே, காது எங்கே? ஒரு அருகம்புல்லைச் செருகினதும் கை கூப்பிடறோம். நம்ம விரல் பிடிச்சா சாமி, பிள்ளை விரல் பிடிச்சா குரங்கா?

சதுர்த்திக்கு இதையே போட்டியா வச்சுப் பரிசு கொடுக்கலாம்னு பேச்சு நடக்குது. எங்களுக்குச் சம்மதம் இல்ல. பரிசுன்னு வந்தா அம்மா கை, அக்கா கை எல்லாம் உள்ள வந்திடும். எல்லாப் படத்தையும் வரிசையா மண்டபத்துல வைப்போம், போதும். முடிஞ்சதும் ஆத்துல கடல்ல மட்டும் விட்டுடாதீங்க, பிளாஸ்டிசின் தண்ணியில கரையாது.

வர்ற ஞாயிறும் வகுப்பு இருக்கு. பழைய சட்டை போட்டு அனுப்புங்க, ஒரு டப்பா மூடி கொடுத்து விடுங்க. பெற்றோர் வெளியே தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கலாம், உள்ளே வர வேண்டாம்.

அந்தப் பிள்ளையோட அம்மா இதைப் படிச்சா ஒரு வார்த்தை. அவ கசக்கின உருண்டையை அலமாரியில எடுத்து வச்சிருக்கோம். அது காயல, இன்னும் மெத்துன்னுதான் இருக்கு. கூட்டிட்டு வாங்க.