பார்டோக்கைத் தூய்மைவாதிகளுக்குத் தாரை வார்க்காதீர்கள்

நாட்டார் பாடல் என்றாலே கலப்பற்றது, ஒரே மண்ணில் முளைத்து ஒரே இனத்துக்கு உரியது என்ற நம்பிக்கை உலகெங்கும் வேரோடிக் கிடக்கிறது. அதற்குச் சாட்சி சொல்ல அடிக்கடி அழைக்கப்படுபவர் ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக். ஹங்கேரி மண்ணின் மணத்தை இசையாக்கியவர் என்று அவரைப் புகழ்கிறார்கள். அவருடைய வாழ்நாள் உழைப்பையே தலைகீழாக்கும் புகழ்ச்சி இது.

இளம் பார்டோக் அந்த நம்பிக்கையில் ஊறியவர்தான். ஹங்கேரிய விடுதலைப் போராட்டத் தலைவரின் பெயர் தாங்கிய ‘கொஷுத்’ சிம்ஃபனிக் கவிதையை எழுதிய 1903இல் ஹங்கேரிய உடை உடுத்தினார்; வீட்டில் ஜெர்மன் பேச வேண்டாமென்று தாயை வற்புறுத்தினார். அவரை மாற்றியவை, கிராமத்துப் பாடல்களைப் பதிவுசெய்ய அவர் கொண்டுபோன ஃபோனோகிராஃபும் மெழுகு உருளைகளும். 1906இல் சக இசையமைப்பாளர் கொடாயுடன் சேர்ந்து ஹங்கேரியப் பாடல்களை வெளியிட்டவர், அங்கே நின்றுவிடவில்லை. ஸ்லோவாக் ஊர்கள், ருமேனிய மலைக் கிராமங்கள், 1913இல் அல்ஜீரியாவின் பிஸ்க்ரா, 1936இல் துருக்கியின் அதானா வட்டாரம் என்று நடந்தார். அவர் திரட்டியவற்றில் ருமேனியப் பாடல்கள் ஹங்கேரியப் பாடல்களைவிட அதிகம்.

கேட்கக் கேட்க, எல்லைக்கோடுகள் அழிந்தன. மாரமுரெஷ் ருமேனியர்கள் இழுத்து இழுத்துப் பாடும் ‘ஹோரா லுங்கா’வின் சாயலை அல்ஜீரியாவிலும், பிறகு ஈராக், பாரசீக இசையிலும் கண்டார். ஹங்கேரியர்களின் ஆகப் பழைய மெட்டுகளுக்கு அனடோலியாவில் உறவு இருந்தது. ஹங்கேரிய மெட்டு ஒன்று ஸ்லோவாக்கியர் வாயில் உருமாறுகிறது. உருமாறிய வடிவிலேயே ஹங்கேரியரிடம் திரும்பி வந்து மீண்டும் மாறுகிறது. நாட்டைவிட்டு வெளியேறி நியூயார்க்கில் வாழ்ந்த 1942இல், இசையில் இனத்தூய்மை பற்றி எழுதிய கட்டுரையில் இதைத்தான் விளக்கினார். கிழக்கு ஐரோப்பியப் பாடல்களின் செழுமைக்குக் காரணமே கலப்புதான் என்பது அவர் முடிவு. ஹிட்லரின் படைகள் அதே நிலத்தில் தூய்மையின் பெயரால் மனிதர்களைக் கொன்றுகொண்டிருந்த காலம் அது.

நகரத்து ஜிப்ஸி வாத்தியக் குழுக்களின் இசையைப் பார்டோக் ஒதுக்கினாரே, அது தூய்மைவாதம் இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதில் அவர் வேண்டியதைவிடக் கடுமையாகவே பேசினார் என்பது என் எண்ணம். ஆனால் அவர் பிரித்துக் காட்டியது, வசதி படைத்தவர்கள் இயற்றி நகரத்தில் வாசிக்கப்பட்ட பாட்டையும் உழவர்கள் தமக்குள் பாடிக்கொண்ட பாட்டையும். அந்த உழவர் எந்த மொழி பேசினாலும் அவருக்குச் சம்மதமே.

எல்லை பாராத இந்தப் பார்வைக்கு அவர் கொடுத்த விலை சிறியதல்ல. முதல் உலகப் போருக்குப் பிந்தைய ட்ரியனான் ஒப்பந்தம் ஹங்கேரியின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைப் பறித்த 1920இல், ருமேனியாவுக்குப் போன ஹுன்யாத் வட்டாரத்தின் ருமேனிய இசை பற்றி ஜெர்மன் மொழியில் அவர் வெளியிட்ட ஆய்வைச் சுட்டி, நாட்டுப்பற்று இல்லாதவர் என்று புடாபெஸ்ட் பத்திரிகைகளில் தாக்கினார்கள். 1930களில் ருமேனியத் தரப்பிலிருந்தும் அடி விழுந்தது: ஹங்கேரியின் நில உரிமைக்கு வக்காலத்து வாங்குகிறாராம்! இரு நாட்டுத் தேசியவாதிகளும் வெறுத்த ஒருவரை இன்று தேசியத்தின் பூசாரியாக உட்கார வைப்பது எவ்வளவு பெரிய அநீதி. 1940இல் எழுதிய உயிலில், ஹிட்லர், முசோலினி பெயரில் ஹங்கேரியில் ஒரு தெருவோ சதுக்கமோ இருக்கும்வரை தன் பெயரை எதற்கும் சூட்டக் கூடாது என்று எழுதி வைத்தவர் அவர்.

அவருடைய இசையையே கேளுங்கள். புடா, பெஸ்ட், ஓபுடா ஒன்றிணைந்த ஐம்பதாம் ஆண்டுக்காக 1923இல் இயற்றிய ‘நடனத் தொகுப்பு’ ஹங்கேரியத் தலைநகரின் விழாவுக்கு எழுதப்பட்டது. அதற்குள் அரபுச் சாயலையும் ருமேனியச் சாயலையும் வேண்டுமென்றே கொண்டுவந்தார். உலகம் முழுக்க அதிகம் வாசிக்கப்படும் அவருடைய படைப்புகளில் ஒன்று, 1915இல் எழுதிய ‘ருமேனிய நாட்டார் நடனங்கள்’. அதை மேடையேற்றுபவர்கள் இனியாவது ‘ஹங்கேரிய மண்வாசனை’ என்று அறிமுகம் எழுதுவதை நிறுத்தட்டும். அந்த மெட்டுகளைப் பார்டோக் ருமேனியக் கிராமங்களில் திரட்டினார் என்று அதே இடத்தில் அச்சிடட்டும்.