தொகுதிக் கோடுகளும் எண்ணப்படாதவர்களும்

ஒவ்வோர் ஆண்டும் கோடை முடியும் வேளையில் பார்க்கிங்கில் உள்ள எங்கள் வீட்டுக்கு நகரசபையிலிருந்து ஒரு கடிதம் வரும். இந்த முகவரியில் வாக்காளர் பட்டியலில் இருப்பவர்கள் இன்னார் இன்னார், மாற்றம் இருந்தால் தெரிவியுங்கள் என்பதுதான் அதன் சாரம். இந்தியா, இலங்கை போன்ற காமன்வெல்த் நாடுகளின் குடிமக்கள் இங்கே சட்டப்படி வசித்தால் பிரிட்டிஷ் பாராளுமன்றத் தேர்தலிலேயே வாக்களிக்கலாம். இது தெரியாத நம்மவர்கள் நிறையப் பேர்.

எங்கள் மாடி வீட்டில் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் குடியிருக்கிறார். வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. சென்ற முறை அவருக்கு வந்த கடிதம், பீட்சாக் கடை விளம்பரங்களோடு பொது நடையில் பல நாட்கள் கிடந்தது. எடுத்துக் கொடுக்கப் போனேன். "உதைக் குப்பைக்கை போடுங்கோ தம்பி. அங்கை என்ரை பேரை வெட்டிப்போட்டாங்கள். இங்கை பதிஞ்சு என்ன வரப்போகுது?" என்றார்.

அந்த ஒரு வாக்கியம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

தொகுதி எல்லைகளைத் தங்கள் கட்சிக்குச் சாதகமாக வரைந்துகொள்வதற்கு ஆங்கிலத்தில் 'ஜெர்ரிமாண்டரிங்' என்று பெயர். 1812இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில ஆளுநராக இருந்த எல்பிரிட்ஜ் ஜெர்ரி ஒப்புதல் அளித்த தொகுதிகளில் ஒன்று, வரைபடத்தில் சாலமாண்டர் என்ற பல்லி போன்ற பிராணியின் வடிவில் இருந்தது. பத்திரிகைக்காரர்கள் இரண்டு பெயரையும் ஒட்டவைத்துவிட்டார்கள்.

இதன் கணக்கு எளிது. பதினைந்து வீடுகள், ஐந்தைந்து வீடாக மூன்று தொகுதிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது வீடுகள் 'அ' கட்சி, ஆறு வீடுகள் 'ஆ' கட்சி. 'அ' கட்சியின் ஐந்து வீடுகளை ஒரே தொகுதியில் அடைத்துவிட்டால், மீதியுள்ள இரண்டு தொகுதிகளிலும் 'ஆ' மூன்று, 'அ' இரண்டு. ஆக, சிறுபான்மைக் கட்சிக்கு மூன்றில் இரண்டு இடம். கள்ள ஓட்டு வேண்டாம், பெட்டியைத் தூக்க வேண்டாம். மென்பொருள் எழுதிப் பிழைக்கும் நான் இதற்கு ஒரு சிறு நிரலை டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் உட்கார்ந்தே எழுதிப் பார்த்தேன். பார்க்கிங்கிலிருந்து அலுவலகம் போய்ச் சேருவதற்குள் கணினி எனக்கு வேண்டிய முடிவைக் கொடுத்துவிட்டது. கட்சிச் சார்போடு எல்லை வரைவதில் கூட்டாட்சி நீதிமன்றங்கள் தலையிட முடியாது என்று 2019இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025இல் டெக்சஸ் மாநிலம் குடியரசுக் கட்சிக்கு ஐந்து இடம் கூட்டும் நோக்கில் வரைபடத்தை மாற்ற, பதிலுக்குக் கலிபோர்னியா ஜனநாயகக் கட்சிக்காக மாற்றிக்கொண்டது.

நிற்க. கோணல் கோடு என்பது கண்ணுக்குத் தெரிகிற மோசடி. யாராவது வரைபடத்தைக் காட்டிச் சிரிக்கவாவது முடியும். கோடு வரைவதற்கு முன்பே 'யாரை எண்ணுவது' என்று ஒரு முடிவு எடுக்கப்படுகிறது. அது வரைபடத்தில் தெரிவதில்லை. தமிழர்களாகிய நம்மை அதிகம் பாதித்தது கோடு அல்ல, இந்த எண்ணிக்கைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கோட்டால் பாதிக்கப்பட்டதற்கும் என் ஊரே உதாரணம்தான். நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரன். 2008இல் நடைமுறைக்கு வந்த மறுவரையறையில் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதி இல்லாமல் போயிற்று. நான் முதன்முதலாக வாக்களித்த 2009 தேர்தலில் எங்கள் திருமயம் சிவகங்கையோடு சேர்ந்திருந்தது. ஆலங்குடியும் அப்படியே. புதுக்கோட்டை நகரமும் கந்தர்வகோட்டையும் திருச்சியோடு. அறந்தாங்கி ராமநாதபுரத்தோடு. விராலிமலை கரூரோடு. ஒரு கல்யாண வீட்டில் எங்கள் சொந்தக்காரர்கள் கூடினால் பந்தியில் நான்கு எம்.பி.க்களின் வாக்காளர்கள் உட்கார்ந்திருப்பார்கள். தமிழ்நாட்டில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்தால் ஒரு மக்களவைத் தொகுதி. புதுக்கோட்டை மாவட்டத்தில் இருப்பவையும் சரியாக ஆறு! இதில் கட்சிச் சூழ்ச்சி இருந்ததாகச் சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. ஆனால் மாவட்டத்துக்கு ஒரு ரயிலோ மருத்துவக் கல்லூரியோ வேண்டுமென்றால் டில்லியில் யார் சட்டையைப் பிடிப்பது என்ற கேள்விக்கு அன்றிலிருந்து ஒற்றை விடை கிடையாது.

மாநில அளவில் விவகாரம் வேறு. 1962இல் 41 உறுப்பினர்களை மக்களவைக்கு அனுப்பிய சென்னை மாநிலம், 1967இல் 39 பேரைத்தான் அனுப்பியது. 1961 மக்கள்தொகைக் கணக்கின்படி செய்த மாற்றம் அது. 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்ததை நினைத்துப் பார்த்தால் இரண்டு இடம் என்பது எவ்வளவு என்று புரியும். குடும்பக் கட்டுப்பாட்டைச் செய்யும் மாநிலங்கள் தண்டிக்கப்படக் கூடாது என்பதால், 1976இல் 42ஆம் திருத்தம் 1971 கணக்கையே நிலைநிறுத்தியது. 2001இல் செய்த 84ஆம் திருத்தம் அதை 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. அந்தக் கெடு நெருங்கியதால்தான் 2025 மார்ச்சில் தமிழ்நாட்டு அரசு சென்னையில் பல மாநிலத் தலைவர்களைக் கூட்டி, மேலும் 25 ஆண்டுகளுக்கு நிறுத்திவைக்க வேண்டும் என்று கேட்டது.

நம் பக்க நியாயத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போவது சரியல்ல. 2011 கணக்கில் தமிழ்நாட்டில் ஒரு மக்களவை உறுப்பினருக்குச் சுமார் 18.5 லட்சம் பேர். உத்தரப் பிரதேசத்தில் சுமார் 25 லட்சம் பேர். பாலியா மாவட்டத்தில் பிறந்த ஓர் ஏழை விவசாயி, "என் ஓட்டுக்கு ஏன் உன் ஓட்டைவிட மதிப்புக் குறைவு?" என்று கேட்டால் என்னிடம் முழுமையான பதில் இல்லை. நாங்கள் அளவாகப் பெற்றோம் என்பது ஒரு நியாயம். பிறந்துவிட்ட மனிதனை எண்ணாமல் விடுவது எப்படி என்பது இன்னொரு நியாயம்.

இனி இலங்கைக்கு வருவோம். சுதந்திரத்தின்போது அங்கே தொகுதிகளை ஒதுக்கிய விதி, ஒவ்வொரு மாகாணத்துக்கும் 75,000 மக்களுக்கு ஒரு ஆசனம், அதோடு ஆயிரம் சதுர மைலுக்கு ஓர் ஆசனம் என்பது. பரப்பளவைச் சேர்த்தது, ஆள் குறைந்த பகுதிகளுக்கும் குரல் வேண்டும் என்பதற்காக. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் மலையகத்தில் பல இடங்களை வென்றது. சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவிலிருந்து பாராளுமன்றம் போனார். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1952 தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவர்கூடத் தெரிவாகவில்லை.

இதுவரை பலருக்கும் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாதது இதன் அடுத்த பகுதி. வாக்கு பறிக்கப்பட்ட அந்த லட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள், மாகாணத்துக்கு எத்தனை ஆசனம் என்று கணக்கிடும்போது மட்டும் தொடர்ந்து எண்ணப்பட்டார்கள். அவர்கள் தலைக்குக் கிடைத்த ஆசனங்களை நிரப்பியது, அதே மாகாணத்தில் வாக்கு உள்ள மற்றவர்கள். கொழுந்து பறிப்பவருக்கு ஓட்டில்லை. அவர் அங்கே வாழ்வதால் அவரை விலக்கியவர்களின் பலம் கூடியது. ஒரு கோட்டைக்கூட வளைக்காமல் செய்த ஜெர்ரிமாண்டரிங் இது! தொண்டமான் மறுபடி தேர்தலில் வென்று பாராளுமன்றம் போக 1977 ஆயிற்று. மூன்று உறுப்பினர் கொண்ட நுவரெலியா - மஸ்கெலியா தொகுதியில் மூன்றாவது உறுப்பினராக வந்தார்.

1978 அரசியலமைப்போடு விகிதாசார முறை வந்தது. மாவட்டங்களுக்கு ஆசனம் பிரிப்பதில் பெரும்பகுதி பதிவுபெற்ற வாக்காளர் எண்ணிக்கையைப் பொறுத்ததாயிற்று. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் யுத்தம் நடந்த மண்ணில் வாக்காளர் பட்டியல் என்ன ஆகும்? 2010 பொதுத்தேர்தலில் ஏழு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களோடு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு ஒன்பது ஆசனம். பட்டியல் திருத்தப்பட்டபின் 2015இல் வாக்காளர் சுமார் ஐந்து லட்சத்து முப்பதாயிரம், ஆசனம் ஏழு. 2024இல் ஆறு. ஊரில் இல்லாதவர் பெயரை நீக்குவது தவறென்று சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் ஏன் ஊரில் இல்லை என்று கேட்க அந்தச் சூத்திரத்தில் இடமில்லை. கொல்லப்பட்டவரும், காணாமற் போனவரும், கப்பலேறியவரும், எங்கள் மாடி வீட்டு அண்ணனும் கழித்தல் கணக்கில் ஒன்றுதான்.

பிரிட்டனிலும் பதிவுபெற்ற வாக்காளரைத்தான் எண்ணுகிறார்கள். கோடு வரைவதில் இவர்களிடம் கற்க வேண்டியது உண்டு. எல்லை ஆணையங்கள் வரைவை வெளியிட்டு யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்ல வாய்ப்புத் தருகின்றன. 2020 சட்டத்துக்குப் பிறகு, இறுதிப் பரிந்துரைக்குப் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பே கிடையாது. 2024 தேர்தல் நடந்த எல்லைகள், 2020 மார்ச் 2ஆம் தேதிப் பட்டியலை வைத்து, சில தொகுதிகள் நீங்கலாக ஒவ்வொன்றும் 69,724க்கும் 77,062க்கும் இடையில் இருக்குமாறு வரையப்பட்டவை. ஆனால் வாடகை வீட்டில் இருப்பவர்களும் அடிக்கடி வீடு மாறுபவர்களும் பட்டியலில் குறைவு என்பதைத் தேர்தல் ஆணையத்தின் ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. பார்க்கிங் போன்ற ஊரில் அப்படிப்பட்டவர்கள் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. மீளாய்வு எட்டு ஆண்டுக்கு ஒருமுறை. குறித்த தேதியில் பெயர் இல்லாதவர், அடுத்த மீளாய்வு வரை கோடு போடுகிறவர் கணக்கில் இல்லை.

மூன்று நாடு, மூன்று விதி. மக்களை எண்ணலாம், குடிமக்களை எண்ணலாம், வாக்காளரை எண்ணலாம்; எதிலும் யாரோ ஒருவர் விடுபடுவார். எனவே விடுபடுகிறவர் யார் என்று விதி செய்யும்போதே வெளிப்படையாகக் கேட்க வேண்டும். அவர் வாயாலேயே பதில் கேட்க வேண்டும். மலையகத்தில் அது நடக்கவில்லை. யாழ்ப்பாணத்திலும் நடக்கவில்லை. இந்தியாவில் நடக்குமா என்பதுதான் நம் முன்னே உள்ள கேள்வி.

மாடி வீட்டு அண்ணனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. எங்கள் நகரசபையில் 2006இல் நிறவெறிக் கட்சியான பி.என்.பி. பன்னிரண்டு இடம் பிடித்ததையும், 2010இல் இந்த ஊர் ஜனங்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டு அத்தனையையும் துடைத்ததையும் மட்டும் நினைவூட்டினேன். அவர் அப்போதும் இங்கேதான் இருந்தார். "அங்கே வெட்டியது அவர்கள் அண்ணா. இங்கே பதியாவிட்டால் வெட்டுவது நாமேதான்," என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "பாப்பம்" என்று கடிதத்தை வாங்கிக்கொண்டு மேலே போனார்.