கட்டைவிரல் மருத்துவமும் அதன் எல்லையும்

பொருட்காட்சிகளில் முள்முள்ளாய்ப் புடைத்த பிளாஸ்டிக் உருளைகளும் மரத்தாலான காலுருளைகளும் விற்பனைக்கு வந்து ஆண்டுகள் பலவாகிவிட்டன. அவற்றோடு ஒரு படமும் தருவார்கள். உள்ளங்காலின் இந்த இடம் இதயம், அந்த இடம் சிறுநீரகம், பெருவிரல் நுனி மூளை என்று அது கூறும். "வீட்டிலேயே செய்துகொள்ளலாம், மருந்தும் வேண்டாம், மருத்துவரும் வேண்டாம்" என்பது விற்பவரின் வாக்கு. இவ்வாக்கின் முற்பகுதியை நான் ஏற்கிறேன். பிற்பகுதியை மறுப்பதற்காகவே இதனை எழுதத் துணிந்தேன்.

முதலில் அந்தப் படத்தைப் பற்றி ஒரு சொல். சீனத்துப் பழங்கலை என்ற பெயரோடு விற்கப்படினும், அவ்வரைபடத்தின் இன்றைய வடிவம் அமெரிக்காவில் பிறந்தது. வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டு என்னும் மருத்துவர் உடலை நெடுக்காகப் பத்துப் பகுதிகளாக வகுத்து 1917-இல் நூல் வெளியிட்டார். யூனிஸ் இங்காம் என்னும் அம்மையார் 1930-களில் அக்கருத்தைப் பாதத்தின்மேல் விரித்து வரைந்தார். சீனருடைய அக்குபிரஷர் வேறு. அது உடலில் ஓடுவதாகக் கருதப்படும் பன்னிரண்டு முதன்மைத் தடங்களையும், அவற்றில் இயங்கும் 'ச்சி' என்னும் உயிராற்றலையும் அடிப்படையாகக் கொண்டது. உடற்கூற்றியலார் அத்தடங்களைக் கண்டதில்லை. ஆயினும் விளக்கம் பிழைபட்டது என்பதனாலேயே பயனும் பொய் என்று முடிவுகட்டிவிட இயலாது.

மணிக்கட்டின் உட்புற மடிப்பிலிருந்து முழங்கையை நோக்கி மூன்று விரல் அகலம் அளந்தால், இரு தசைநாண்களுக்கு நடுவே ஒரு பள்ளம் தட்டுப்படும். சீனர் அதனை 'நெய்குவான்' என்பர். அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலுக்கு அவ்விடத்தைத் தூண்டுவது உதவுமா என்று 7,667 பேரை உட்படுத்திய 59 ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பினர் 2015-இல் தொகுத்து நோக்கினர். போலித் தூண்டலைக் காட்டிலும் மெய்த்தூண்டல் குமட்டலையும் வாந்தியையும் குறைத்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. சான்றின் தரம் உயர்ந்ததன்று என்றும் அவர்களே ஒப்புக்கொண்டனர். என் அன்னையார் ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் அப்பள்ளத்தை அழுத்தியவாறே கடந்தார். கவனம் வயிற்றை விட்டுக் கைக்கு மாறியதற்கும் அதில் பங்குண்டு என்றே கருதுகிறேன். அதனால் என்ன? செலவில்லை, தீங்குமில்லை. ஓரிரு மணித்துளிகள், வலி எழாத அளவுக்குக் கட்டைவிரலால் அழுத்தினால் போதும்.

தலைவலிக்குக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட சதைப்பகுதியை அழுத்துவதும் இத்தகையதே. கருவுற்ற பெண்டிர் அவ்விடத்தைத் தவிர்க்கவேண்டும் என்று அம்மரபே எச்சரிக்கிறது. உருளை விற்பவர் இதனைச் சொல்வதில்லை.

இனி, என் தாய்மாமனுக்கு நேர்ந்ததைக் கூறவேண்டும். ஓர் இரவு அவருக்கு நெஞ்சு இறுகி, வலி இடத்தோளுக்குப் பரவியது. கையேடு ஒன்றில் படித்தவாறு சுண்டுவிரலின் ஓரத்தை மாற்றி மாற்றி அழுத்தியபடி விடியுமட்டும் அமர்ந்திருந்தார். வலி சற்றே தணிந்தபோதெல்லாம் அழுத்தமே தணித்தது என்று நம்பினார். இதயத்திற்குக் குருதி கொண்டு செல்லும் குழாய் அடைபட்டால், கழியும் ஒவ்வொரு நாழிகையிலும் தசை மடிகிறது. மடிந்த தசை மீள்வதில்லை. மருத்துவமனையில் அவர் உயிர் பிழைத்தார். ஆனால் அதன்பின் மாடிப்படி ஏற அவரால் இயலவில்லை. அவர் கல்லாதவர் அல்லர். முப்பதாண்டுகள் கணிதம் கற்பித்தவர்.

நீரிழிவு உடைய பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நெடுநாள் நீரிழிவால் பாதம் உணர்ச்சி குன்றியிருக்கும். முள்ளுருளை தோலைக் கிழித்தாலும் தெரியாது. அப்புண் ஆறுவதும் அரிது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அதனைப் பிசைந்துவிடவும் கூடாது. உள்ளே உறைந்த குருதிக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடையக்கூடும்.

மாணவர்கள் இக்கலையைக் கற்பதில் எனக்குத் தடையில்லை. களைத்துவந்த தந்தையின் தோளை மகன் பிடித்துவிடும் வீட்டில் வேறு பல நன்மைகளும் உண்டு. எந்த வலிக்கு விரல், எந்த வலிக்கு வண்டி என்பதையும் அவர்கள் சேர்த்துக் கற்கட்டும்.

மாமன் வீட்டில் அந்தக் கையேடு இன்றும் இருக்கிறது. அதன் மேலட்டையில் அத்தை சிவப்பு மையால் 108 என்று எழுதிவைத்திருக்கிறார்.