பூச்சாடிக்குத் தண்ணீரும் கைராசியும்

சுயதொழில் உதவி என்ற பெயரில் மாதர் சங்கங்களூடாகச் சாடிச் செடிகளை வழங்குவது எமது பகுதிகளில் இப்பொழுது வழக்கமாகிவிட்டது. அந்தூரியம், பன்னம், குரோட்டன், மணிபிளான்ற் என்று ஒருவருக்கு ஐந்தோ பத்தோ கொடுக்கிறார்கள். விறாந்தையிலும் முன் மண்டபத்திலும் வைத்து வளர்த்து, கன்று பிரித்து விற்றால் குடும்பச் செலவுக்கு ஒரு கைத்தாங்கலாக இருக்கும் என்பது எண்ணம். நல்ல எண்ணந்தான். ஆனால் ஆறு மாதம் கழித்து அந்த வீடுகளுக்குப் போய்ப் பார்த்தால் பல இடங்களில் சாடி இருக்கிறது, செடி இல்லை. என்ன நடந்தது என்று கேட்டால், "எனக்குக் கைராசி இல்லை" என்று சொல்லி அந்தப் பெண்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள்.

இந்தக் கைராசி என்ற சொல்லை நாம் ஏற்றுக்கொள்வதாக இல்லை. கணவனை இழந்து, இரண்டு மூன்று பிள்ளைகளுடன் ஒரு வீட்டைத் தூக்கி நிறுத்திய கைக்கு ஒரு பன்னச் செடியைக் காப்பாற்ற முடியாமற் போயிற்று என்று நம்ப எமக்கு மனம் வரவில்லை. செடியைக் கொடுத்தவர்கள் தண்ணீர் ஊற்றும் முறையைச் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதே எமது கருத்து. சொல்லிக் கொடுத்த இடங்களிலும் "காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றவும்" என்று ஒரு துண்டுக் கடதாசியில் அச்சடித்துக் கொடுத்ததோடு காரியம் முடிந்துவிட்டது. வீட்டுக்குள் நிற்கும் செடிக்கு அந்த ஒரு வரியைவிடப் பெரிய கெடுதல் வேறு இல்லை.

ஏன் என்பதைச் சற்று விளக்க வேண்டும். நிலத்தில் நிற்கும் செடிக்கு நாம் அளவுக்கு மிஞ்சி ஊற்றினாலும் மிஞ்சிய நீர் கீழே இறங்கிவிடும். சாடியில் நிற்கும் செடிக்கு இருப்பது ஒரு சாண் ஆழ மண் மாத்திரமே. அடியில் துவாரம் இருந்தாலும் நீர் முழுவதும் வடிந்துவிடுவதில்லை. அடிப்பக்கத்து மண் ஒரு படையாக நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சந்தேகமானால் பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்சு ஒன்றை நன்றாக நனைத்து உள்ளங்கையில் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றபின் அதை நிமிர்த்திப் பிடியுங்கள். மறுபடியும் தண்ணீர் சொட்டும். ஆழங் குறைந்த தட்டைச் சாடி நெடுநேரம் ஈரமாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான். சங்கக் கூட்டத்தில் ஐந்து நிமிடத்தில் செய்து காட்டக்கூடிய காரியம் இது.

சாடியின் அடியில் நாலு விரல் உயரத்துக்குச் சல்லிக்கல் போட்டால் நீர் நன்றாக வடியும் என்று எம்மவர் பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. மேலுள்ள மண் நன்றாக ஊறி நிரம்பும்வரை நீர் கல்லுக்குள் இறங்காது. ஆகவே ஈரப்படை வேருக்கு இன்னும் கிட்ட வந்துவிடுகிறது, அவ்வளவுதான். மண் கொட்டுண்டு போகாதபடி துவாரத்தின்மேல் ஓர் ஓட்டுத்துண்டு வைத்தாற் போதும்.

வேரும் மூச்சு விடுகின்ற ஒன்று. மண்ணிலுள்ள சிறு இடைவெளிகளில் காற்று இருக்க வேண்டும். நாள்தோறும் ஊற்றினால் அந்த இடைவெளிகள் நீரால் அடைபட்டு வேர் அழுகத் தொடங்கும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது, இலை வாடும். இங்கேதான் பெரிய ஆபத்து. தண்ணீர் இல்லாமல் வாடும் இலையும், தண்ணீர் மிஞ்சி வாடும் இலையும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். இரக்கமுள்ள மனம் என்ன செய்யும்? இன்னொரு செம்பு ஊற்றும். செடி வாடி, மண்ணும் ஈரமாக இருந்து, கிட்டப் போனால் ஒரு புளித்த மணமும் வருமானால் அந்தச் செடிக்கு வேண்டியது தண்ணீர் அல்ல. உடனே ஊற்றுவதை நிறுத்தி, நிழலான காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்க வேண்டும்.

அப்படியானால் எப்பொழுது ஊற்றுவது? இதற்கு நேர அட்டவணை கிடையாது, சோதனைதான் உண்டு. கேக் வெந்துவிட்டதா என்று ஈர்க்குக் குத்திப் பார்ப்பதை அறியாத வீடு எமது ஊர்களில் இல்லை. அதே ஈர்க்கைச் சாடி மண்ணில் இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் குத்தி, ஒரு நிமிடம் விட்டு எடுத்துப் பாருங்கள். ஈரமண் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். சுத்தமாக வந்தால் ஊற்றலாம். அந்தூரியமும் பன்னமும் மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்ததும் கேட்கும். கற்றாழை, மருள் போன்ற தடித்த இலைச் செடிகளுக்கு அடிவரை காய்ந்தபின் ஊற்றினாலே போதும். சிறிய சாடியானால் தூக்கிப் பார்ப்பது இன்னும் இலகு. ஊற்றியவுடன் ஒருமுறை தூக்கி அந்தப் பாரத்தை மனதில் வைத்துக்கொண்டால், பிறகு கையே சொல்லிவிடும். கைராசிக்காரி என்று ஊரில் பெயரெடுத்தவர்கள் பலரும் தம்மை அறியாமலே செய்து வருவது இந்தச் சோதனையைத்தான் என்பது எமது எண்ணம்.

ஏன் அட்டவணை பயன்படாது என்பதற்கு எமது காற்றுக்களே சாட்சி. சோளகம் வீசும் மாதங்களில் விறாந்தைச் சாடி இரண்டு நாளில் காய்ந்துவிடும். கிழக்கில் கச்சான் வீசும்போதும் அப்படியே. வாடைக்காற்றும் மழையும் சேர்ந்த கார்த்திகை, மார்கழியில் அதே சாடி ஒரு வாரம் சென்றும் ஈரமாக இருக்கும். சாடியின் தன்மையும் உண்டு. மண்சாடி, நாம் தண்ணீர் வைக்கும் மண்பானையைப் போலவே, பக்கங்களாலும் ஈரத்தை வெளியே விடும். பிளாஸ்ரிக் வாளியும் ரின்னும் அப்படி விடா. ஒரே வரிசையில் மண்சாடியும் பிளாஸ்ரிக் சாடியும் வைத்து இரண்டுக்கும் ஒரே நாளில் ஒரே அளவு ஊற்றினால் ஏதோ ஒன்று சாகத்தான் செய்யும்.

இனி ஊற்றும் விதம். நாளுக்கு அரைக் கோப்பை தெளித்துவிட்டுப் போவதுதான் பெரும்பாலான வீடுகளின் பழக்கம். இதனால் மேல்மண் மட்டும் நனைகிறது, அடிவேர் காய்கிறது, மேல்மண் பாசி பிடிக்கிறது. ஊற்றும் நாளில் நிறைய ஊற்ற வேண்டும். எட்டு அங்குலச் சாடிக்கு ஒரு லீற்றர் அளவு பிடிக்கும். அதையும் ஒரே மூச்சில் கவிழ்க்காமல், சுற்றிவர, மூன்று தடவையாக, முதல் நீர் உள்ளே இறங்கியபின் அடுத்ததாக ஊற்ற வேண்டும். அடித்துவாரத்தால் நீர் வடியத் தொடங்கியதும் நிறுத்திக்கொள்ளலாம். செம்பால் உயரத்திலிருந்து ஊற்றினால் மண்ணில் குழி விழும், வேர் வெளியே தெரியும். பூவாளி வாங்க வசதியில்லாதவர்கள் ஒரு பிளாஸ்ரிக் போத்தல் மூடியில் ஊசியைச் சூடாக்கிப் பத்துத் துவாரம் இட்டால் அதுவே பூவாளி. அந்தூரிய இலைகளில் நீர் தெறிக்காமல் மண்ணுக்கு ஊற்றுவது நல்லது. அதன் இலைகளைக் கருக்கும் பக்ரீரியா நோய் தெறிக்கும் நீரால் ஒரு செடியிலிருந்து மற்றதற்குத் தொற்றும். மீன் கழுவிய தண்ணீர் முருங்கைக்கு நல்லதுதான். முன் மண்டபத்துப் பன்னத்துக்கு ஊற்றினால் எறும்பும் பூனையும் வந்துசேரும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

தும்புத்தூள் கலந்த மண்ணில் ஒரு தனிப் பிரச்சினை உண்டு. ஒருமுறை அது முற்றாகக் காய்ந்துவிட்டால் நீரை இலகுவில் ஏற்றுக்கொள்ளாது. மண் சுருங்கிச் சாடியின் பக்கத்தை விட்டு விலகியிருக்கும். ஊற்றும் நீர் அந்த இடைவெளியால் ஓடி அடியில் வடிந்துவிடும். வடிகிறதே, போதும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உள்ளே கட்டி காய்ந்தபடியே கிடக்கிறது. அப்படியான சாடியை ஒரு தாச்சி அல்லது வாளி நீரில் பாதி உயரத்துக்கு அரை மணி நேரம் இறக்கி வைத்தால் அடியிலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்ளும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டு வாசகர்களுக்கு இன்னொன்றைச் சொல்ல வேண்டும். எமது கிணறுகள் சுண்ணாம்புக் கற்படையிலிருந்து நீர் பெறுபவை. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது எதுவோ அது சாடி மண்ணிலும் படிகிறது; கரையோரக் கிணறுகளில் உவர்ப்பும் சேர்கிறது. செடி நீரை எடுத்துக்கொள்ளும், காற்று நீரை எடுத்துக்கொள்ளும், உப்பு மட்டும் அங்கேயே தங்கும். முற்றத்துச் செடிக்கு ஐப்பசி, கார்த்திகை மழை வந்து மண்ணைக் கழுவிக்கொடுக்கிறது. வீட்டுக்குள் நிற்கும் சாடிக்கு அந்த மழை ஒருபோதும் கிடைப்பதில்லை. வருடக்கணக்கில் உப்பு ஏறி, இலை நுனி பழுப்பாகிக் கருகும்போது, வெயில் பட்டுவிட்டது என்று நாம் செடியை இன்னும் உள்ளே தள்ளி வைக்கிறோம். சாடி விளிம்பிலும் மேல்மண்ணிலும் வெள்ளைப் படை தெரிந்தால் அதுதான் அடையாளம். அந்தப் படையைச் சுரண்டி எறிந்துவிட்டு, சாடியின் கொள்ளளவைப்போல் இரு மடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றி அடியால் வடியவிட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இதைச் செய்தாற் போதும். மாரி மழையில் சாடிகளை ஒரு நாள் முற்றத்தில் இறக்கிவிட்டால் அந்த வேலையும் இல்லை. கூரை நீரை ஒரு பீப்பாவில் மூடிப் பிடித்து வைத்தால் அந்தூரியத்துக்கு அதைவிடச் சிறந்த நீர் கிடையாது.

மூடி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 2017 ஆம் ஆண்டில் இலங்கையில் 180,000க்கும் அதிகமானோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த நுளம்பு வீட்டைச் சுற்றியும் வீட்டுக்குள்ளும் தேங்கும் நீரிலேயே முட்டையிடுகிறது. சாடிக்கு அடியில் வைக்கும் தட்டு, மணிபிளான்ற் வைத்த போத்தல் என்பன அதற்கு வாய்ப்பான இடங்கள். முட்டை நுளம்பாக ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை போதும். தட்டை நீர் வடிந்த அரை மணியில் வெறுமையாக்குங்கள். வாரத்தில் ஒரு தரம் தேய்த்தும் கழுவுங்கள். முட்டைகள் தட்டின் விளிம்பில் ஒட்டி, காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கக்கூடியவை. தட்டை மணலால் நிரப்பிவிடுவதும் ஒரு வழி. போத்தல் நீரையும் வாரந்தோறும் மாற்ற வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து சொன்ன பிறகு செய்வதற்கு இது பெரிய வேலையன்று.

தண்ணீரைச் சுமப்பது யார் என்ற கேள்வியும் இதில் இருக்கிறது. இருபது சாடி வைத்திருக்கும் ஒரு பெண் ஒவ்வொன்றுக்கும் நாளும் ஒரு லீற்றர் ஊற்றுகிறாள் என்று வைப்போம். வாரத்தில் 140 லீற்றர். பொதுக் கிணற்றிலிருந்து சுமப்பவளுக்கு அது ஏழு பெரிய வாளி. ஈர்க்குப் பார்த்து வாரத்துக்கு இரு தடவை ஊற்றினால் 40 லீற்றர் போதும். ஐந்து வாளிச் சுமை குறைகிறது, செடியும் பிழைக்கிறது. திட்டம் வகுப்பவர்கள் செடியின் விலையைக் கணக்கிடுகிறார்கள். இந்த வாளிகளை யாரும் கணக்கிடுவதில்லை.

வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும் நாட்களும் உண்டு. ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்குக் குடும்பமாகப் போய்த் தங்குபவர்கள் திரும்பி வரும்போது சோளகம் சாடிகளைக் காயவைத்துவிட்டிருக்கும். போகுமுன் நன்றாக ஊற்றி, சாடிகளைச் சுவரோரம் வெயில் படாத இடத்தில் நெருக்கி வையுங்கள். ஒரு வாளி நீரைச் சற்று உயரத்தில் வைத்து, பழைய பருத்திச் சீலைக் கிழிசலைத் திரியாக முறுக்கி நனைத்து, ஒரு நுனியை வாளியின் அடியிலும் மறு நுனியைச் சாடி மண்ணுக்குள்ளும் புதைத்தால் மண்ணுக்கு மெல்ல மெல்ல ஈரம் போய்ச்சேரும். வாளியைச் சீலையால் இறுக மூடிக் கட்டுங்கள், நுளம்புக்காக. பெரிய தொட்டியானால் மெருகிடாத சிறு மண்முட்டியைக் கழுத்துவரை புதைத்து நீர் நிரப்பி மூடிவிடலாம். சீனாவில் 2,000 ஆண்டுகளுக்கு முன்னரே இப்படி மண்குடம் புதைத்துப் பயிருக்கு ஈரம் கொடுத்திருக்கிறார்கள்.

2022 நெருக்கடிக் காலத்தில் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறைகூட வழங்கப்பட்டது. சாடிகளும் பைகளும் பல வீடுகளுக்கு வந்தன. அவற்றுட் பல இன்று வெறுமையாகக் கிடக்கின்றன. மறுபடியும் செடி கொடுக்க முன்வருவோரிடம் நாம் கேட்பது இதுதான். பத்துச் செடி கொடுக்கும் இடத்தில் எட்டுக் கொடுங்கள். மீதி இரண்டின் பணத்தில் ஒரு பிற்பகல் வகுப்பு வையுங்கள். விவசாயப் போதனாசிரியர் ஒருவரை அழையுங்கள். அவர் இல்லாவிட்டால் ஊரிலுள்ள அந்தக் கைராசிக்காரியையே அழையுங்கள். மேசையில் மூன்று சாடி, ஒரு ஸ்பொஞ்சு, ஒரு பிடி ஈர்க்கு இருக்கட்டும். மூன்றையும் தூக்கிப் பார்த்து, குத்திப் பார்த்து, எதற்கு இன்று தண்ணீர் வேண்டும் என்று ஒவ்வொரு பெண்ணும் தன் வாயாற் சொன்ன பிறகு செடியைக் கையில் கொடுங்கள். புரட்டாதியில், மழைக்கு முன் இதை வைத்தால், சாடிகளை முற்றத்தில் இறக்கிக் கழுவும் நாளையும் அங்கேயே குறித்துக்கொள்ளலாம்.