எலெக்ட்ரிக் காருக்கு வெளி கம்பெனி வாரன்டி வாங்கலாமா? வில்லியனூர், பாகூர்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்!

"சார், உங்க காருக்கு கம்பெனி வாரன்டி முடியப்போகுது. பேட்டரி போச்சுன்னா லட்சக்கணக்குல செலவு. இப்பவே 2 வருஷத்துக்கு எக்ஸ்டெண்டட் வாரன்டி போட்டுட்டா டென்ஷனே இல்ல..."

இப்படி ஒரு போன் வந்தால் யாருக்குத்தான் பயம் வராது? அதுவும் வில்லியனூர், பாகூர் மாதிரி கொம்யூன்களில் இருப்பவர்களுக்கு அந்தப் பயம் நியாயமானதுதான். பெட்ரோல் கார் மக்கர் செய்தால் ரோட்டோர மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துச் சரிசெய்துவிடுவார். எலெக்ட்ரிக் காரில் அந்த ஆரஞ்சு கலர் ஒயரைத் தொடவே அவர் யோசிப்பார்.

ஆனால், அந்தப் பயத்துக்கு மருந்து என்று விற்கப்படும் பல ஒப்பந்தங்கள், நாம் பயப்படும் விஷயத்துக்கே பொறுப்பேற்பதில்லை. என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: ஒப்பந்தத்தின் விலக்குப் பட்டியலைப் படிக்காமல் வெளி கம்பெனி வாரன்டி வாங்க வேண்டாம். நம்ம ஊரில் அந்தக் காசு முதலில் போக வேண்டிய இடம் வேறு.

யார் இந்த 'தேர்ட் பார்ட்டி'?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'தேர்ட் பார்ட்டி' என்றதும் எல்லா வண்டிக்கும் சட்டப்படி கட்டாயமான இன்சூரன்ஸ்தான் நமக்கு ஞாபகம் வரும். இது அது இல்லை.

காரைத் தயாரித்த நிறுவனமோ அதன் ஷோரூமோ விற்பது கம்பெனியின் எக்ஸ்டெண்டட் வாரன்டி. இவர்களோடு சம்பந்தமில்லாத வேறொரு நிறுவனம், "ரிப்பேர் வந்தால் பில்லை நாங்கள் கட்டுகிறோம்" என்று சொல்லி விற்பதுதான் தேர்ட் பார்ட்டி வாரன்டி.

இரண்டுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கு. இன்சூரன்ஸ் என்றால் மேலே ஐ.ஆர்.டி.ஏ.ஐ. இருக்கிறது, புகார் கேட்க ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார். வெளி நிறுவனம் விற்பது வெறும் சேவை ஒப்பந்தமாக இருந்தால் அந்தக் கதவுகள் உங்களுக்குத் திறக்காது. ஆகவே, "இதுக்குப் பின்னாடி எந்த இன்சூரன்ஸ் நிறுவனம் இருக்கு? பாலிசி நம்பர் என்ன?" என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

பேட்டரிக்குத்தான் ஏற்கனவே வாரன்டி இருக்கே!

2020 ஜனவரியில் டாடா நெக்ஸான் இ.வி. வந்தபோதே பேட்டரிக்கும் மோட்டாருக்கும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வாரன்டி கொடுத்தார்கள். அதாவது, அன்று வாங்கிய முதல் கார்களுக்கே, கி.மீ. வரம்பைத் தாண்டாமல் இருந்தால், 2028 வரை பேட்டரி கம்பெனி பொறுப்பு. அதன்பிறகு எம்.ஜி. விண்ட்சர், மஹிந்திரா பி.இ. 6, டாடா ஹாரியர் இ.வி. போன்ற கார்கள் 'லைஃப்டைம்' பேட்டரி வாரன்டியுடன் வந்தன.

ஆனால் அந்த 'லைஃப்டைம்' என்ற வார்த்தைக்குள் நிபந்தனை இருக்கு. அது காரை முதலில் பதிவு செய்த உரிமையாளருக்குத்தான். செகண்ட் ஹேண்டில் வாங்குபவருக்கு அது வருடக் கணக்காகச் சுருங்கிவிடும். வாடகைக்கு ஓட்டும் வண்டி என்றால் விதிகளே வேறு. வார இறுதியில் புதுச்சேரிக்கு டூரிஸ்ட் கூட்டம் வருதேன்னு சொந்த காரை வாடகைக்கு விடுபவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிப்பது நல்லது.

ஆக, முதல் எட்டு வருடத்துக்குள் ஒருவர் பேட்டரியைக் காட்டி வாரன்டி விற்றால், உங்களிடம் ஏற்கனவே இருப்பதையே உங்களுக்குத் திரும்ப விற்கிறார்.

அப்போ காசு எதற்கு?

காரின் மற்ற பாகங்களுக்கான பொது வாரன்டி பல மாடல்களில் மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடும். அதன்பிறகு பேட்டரியும் மோட்டாரும் மட்டும் கம்பெனி பாதுகாப்பில் இருக்கும். காருக்குள்ளேயே இருக்கும் சார்ஜர், டிசி-டிசி கன்வெர்ட்டர், ஏசி கம்ப்ரெஸர், டச் ஸ்கிரீன், சென்சார்கள் எல்லாம் உங்கள் செலவு. எக்ஸ்டெண்டட் வாரன்டி உண்மையில் பயன்படக்கூடிய இடம் இதுதான். விற்பவர் பேச்சில் இந்தப் பெயர்கள் வருகிறதா என்று கவனியுங்கள்.

வாரன்டி ஒப்பந்தங்களில் தேய்மானம் பொதுவாகச் சேராது. பேட்டரியைச் சேர்த்ததாகச் சொன்னாலும், 'சார்ஜ் முன்ன மாதிரி நிக்கல' என்பதைத் தேய்மானம் என்று தள்ளிவிடலாம். எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்ற எண் எழுத்தில் இல்லாவிட்டால், அந்த வாக்குறுதிக்கு எடையில்லை. ஐ.நா. 2022-ல் ஏற்ற பேட்டரி ஆயுள் விதியில், 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வரை 70% திறன் மிஞ்ச வேண்டும் என்று எண்ணாகவே இருக்கிறது. அதுபோல ஒரு எண்ணைத்தான் நாமும் கேட்கிறோம்.

வீட்டு ஒயரிங்கும் ஒரு வில்லன். ஊரில் பெரும்பாலோர் வீட்டு வாசலிலேயே சார்ஜ் போடுகிறோம். எர்த்திங் சரியில்லை, வோல்டேஜ் ஏறி இறங்கியது என்று சொல்லி சார்ஜர் ரிப்பேரை மறுக்க இடமிருக்கு. ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்திங் சரிசெய்து பில் வாங்கி வைத்தால், ஆகும் செலவுக்கு அதுவே பெரிய பாதுகாப்பு.

பாகூரில் முதல் எதிரி தண்ணீர்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 46 செ.மீ.க்கும் மேல் மழை. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்து பாகூர் கொம்யூன் கிராமங்களுக்குள் புகுந்தது. வில்லியனூர் பக்கம் சங்கராபரணி ஆறும் ஊசுட்டேரியும் இருக்கு. இங்கே கார் வைத்திருப்பவருக்கு நிஜமான ரிஸ்க் இதுதான்.

வாரன்டி என்பது தயாரிப்புக் கோளாறுக்கு. வெள்ளம் தயாரிப்புக் கோளாறு இல்லை. கம்பெனி வாரன்டியோ வெளி வாரன்டியோ, வெள்ளச் சேதத்துக்கு அதை நம்பி இருக்க முடியாது. பல கார்களின் பேட்டரி பெட்டிக்கு ஐபி67 தரம் இருக்கிறது. ஒரு மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று சோதனையில் பார்த்தது அது. வீட்டு வாசலில் ராத்திரி முழுக்க நிற்கும் வெள்ளத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

இதற்குப் பதில் இன்சூரன்ஸில்தான் இருக்கு. சொந்த சேதத்தையும் சேர்த்த பாலிசி, அதோடு பேட்டரி, மோட்டார், சார்ஜருக்கான தனி ஆட்-ஆன். பல இன்சூரன்ஸ் நிறுவனங்கள் இதை இப்போது தருகின்றன. எலெக்ட்ரிக் கார்களுக்கு தேர்ட் பார்ட்டி பிரீமியத்தில் 2022 ஜூன் முதல் 15% தள்ளுபடியும் கிடைத்தது. வாரன்டிக்கு எடுத்து வைத்த காசு முதலில் போக வேண்டிய இடம் அந்த ஆட்-ஆன் என்பதே என் வாதம்.

ரிப்பேர் எங்கே நடக்கும்?

"எந்த கராஜுக்கும் போகலாம்" என்பது கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் வெளியாள் ஹை வோல்டேஜ் பாகத்தைத் திறந்து, அதனால் கோளாறு வந்தால், கம்பெனியின் பேட்டரி வாரன்டியே கேள்விக்குறியாகும்.

வெளியே ரிப்பேர் செய்தாலே வாரன்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக்கூடாது என 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் சொன்னது. 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்த அந்த வழக்கு, மேல்முறையீடு என்று வருடக்கணக்கில் இழுத்தது. உரிமை நம் பக்கம் இருந்தாலும், அதை நிரூபிக்க அலைவது யார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

பாகூரிலிருந்து கார் எங்கே இழுத்துப் போகப்படும், புதுச்சேரிக்கா, சென்னைக்கா? டோயிங் எத்தனை கி.மீ. வரை இலவசம்? பில்லை அவர்கள் நேரடியாகக் கட்டுவார்களா, நீங்கள் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டுமா? இதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள்.

வாக்கு கொடுத்தவர் நாளைக்கும் இருப்பாரா?

அமெரிக்காவில் கார்ஷீல்டு என்ற பிரபல வாரன்டி விற்பனை நிறுவனம், எல்லா ரிப்பேருக்கும் பணம் கிடைக்கும், விரும்பிய கராஜுக்குப் போகலாம் என்ற தோற்றத்தில் விளம்பரம் செய்ததாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது. 2024 ஜூலையில் 1 கோடி டாலர் கட்ட அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது.

அதே ஆண்டு ஜூனில் ஃபிஸ்கர் என்ற எலெக்ட்ரிக் கார் நிறுவனமே திவால் மனு போட்டது. காரைத் தயாரித்தவரே காணாமல் போகலாம் என்றால், நேற்று தொடங்கிய வாரன்டி நிறுவனம் எம்மாத்திரம்?

இன்னொன்றும் இருக்கு: பேட்டரி விலை இறங்கிக்கொண்டிருக்கிறது. ப்ளூம்பெர்க் என்.இ.எஃப். கணக்குப்படி 2024-ல் உலக சராசரி விலை ஒரு கிலோவாட் ஹவருக்கு 115 டாலர். முந்தைய ஆண்டைவிட 20% குறைவு. இது சர்வீஸ் சென்டர் பில் விலை இல்லை, மொத்த விலை. ஆனாலும் இன்றைய விலையைச் சொல்லி நாளைக்கான பயத்தை விற்பவரிடம் இந்தக் கணக்கையும் கேட்கலாம்.

அப்போ யார் வாங்கலாம்?

மூன்று வருடத்தைத் தாண்டிய செகண்ட் ஹேண்ட் இ.வி. வாங்குகிறீர்கள், கம்பெனியின் சொந்த எக்ஸ்டெண்டட் வாரன்டி போட வழியில்லை என்றால், யோசிக்கலாம். அப்போதும் இந்த ஐந்துக்கும் எழுத்தில் பதில் வேண்டும்:

1. பின்னால் இருக்கும் இன்சூரன்ஸ் நிறுவனம் எது?
2. சார்ஜர், டிசி-டிசி கன்வெர்ட்டர், கம்ப்ரெஸர் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டுள்ளதா?
3. ஒரு கிளெய்முக்கும் மொத்தத்துக்கும் அதிகபட்சத் தொகை எவ்வளவு?
4. ரிப்பேர் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில்தான் நடக்குமா?
5. காரை விற்றால் வாரன்டி கூடவே போகுமா?

கம்பெனியின் எக்ஸ்டெண்டட் வாரன்டி கிடைக்குமென்றால், பொது வாரன்டி முடிவதற்கு முன்பே ஷோரூமில் கேட்டுவிடுங்கள். முடிந்தபிறகு கேட்டால் பெரும்பாலும் கதவு மூடியிருக்கும்.

பணம் தர மறுத்தால்?

வாரன்டி நிறுவனத்தின் ஆபீஸ் மும்பையில் இருக்கலாம். நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். பாகூர்காரருக்குக் கடலூர் பக்கமாக இருந்தாலும், போக வேண்டியது புதுச்சேரி நுகர்வோர் ஆணையம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம்.

இந்த இடத்தில்தான் போனில் சொன்ன இனிப்பான பேச்சு எதுவும் கைகொடுக்காது. கையில் காகிதமோ மெயிலோ இருக்க வேண்டும். ஆகவே அடுத்த முறை அந்த போன் வந்தால், "முழு ஒப்பந்தத்தையும் மெயில்ல அனுப்புங்க, படிச்சிட்டு சொல்றேன்" என்று சொல்லுங்கள். அனுப்பினால் விலக்குப் பட்டியலிலிருந்து படிக்க ஆரம்பியுங்கள். அனுப்பவில்லை என்றால், 25 பக்கம் படிக்கும் வேலை உங்களுக்கு மிச்சம்.