மணப்பந்தல் எங்கே?

கடற்கரை விடுதிகளுக்குக் குரு கிரந்த சாகிபை எடுத்துச் சென்று மணம் முடிப்பதை 2023 அக்டோபரில் தடைசெய்தது, அமிர்தசரசிலுள்ள சீக்கியர் தலைமைப் பீடமாகிய அகால் தக்த். "இறைவன் குருத்துவாராவில் மட்டுமா உறைகின்றான்?" என்று சிலர் சினந்தனர். வினா அதுவன்று! சீக்கியருக்கு அந்நூல் வெறும் ஏடன்று, வாழும் குரு. மணமக்கள் குருவை நாடிச் சென்று, நான்கு முறை வலம்வந்து இல்லறம் ஏற்பதே ஆனந்த் காரஜ். குருவை விடுதிக்கு வரவழைப்பது செல்வச் செருக்கன்றோ!

மட்டக்களப்பாருக்கு இதில் என்ன என்பீர். உண்டு! நம் மரபில் மணமகள் இல்லமே மணப்பந்தல். தாய்வழி வந்த வளவிலே, ஊரார் கூடி நாட்டிய பந்தலிலே நடந்தது நம் திருமணம். இன்றோ செல்வர் பாசிக்குடா விடுதியை நாடுகின்றனர். அது கண்டு, பெரும்போக நெல் களம் சேருமுன்னே கடன்படுகின்றான் வாவிக்கரை உழவன்.

"என் பணம், என் விருப்பம்" என்பர் கற்றோர். மருத்துவரே, வழக்கறிஞரே! நீங்கள் நடக்கும் வழியிலேயே ஊரும் நடக்கும். நமக்கு ஆணையிடப் பீடமில்லை, வேண்டியதுமில்லை. மனச்சான்றே ஆணையாகட்டும். உங்கள் மகளின் பந்தற்காலை அவள் வீட்டு முற்றத்தில் நாட்டுங்கள். உழவன் வயல் அடகுக்குப் போகாது!