தட்டில் கொன்றால் போதுமா?

சர்க்கரை நோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் மனநோய்க்கும் கொடுக்கும் மாத்திரைகள் பாக்டீரியாவையும் கொல்கின்றன என்று சொல்லும் ஆய்வுக் கட்டுரைகள் பெருகிவருகின்றன. ஆர்வம் புரிகிறது. கோலிஸ்டினுக்கும் மசியாத கிளெப்சியெல்லாவை ஐ.சி.யு.வில் பார்த்தவர்கள் எந்தக் கதவையும் தட்டிப் பார்ப்பார்கள். ஆனால் இக்கட்டுரைகளின் முடிவில் தவறாமல் வரும் ஒரு வரிதான் உறுத்துகிறது: இம்மருந்து பாதுகாப்பானது என்பது ஏற்கெனவே தெரிந்ததே.

எந்த அளவில், எத்தனை நாளைக்கு, வேறு எந்த மருந்தோடு சேர்த்து? கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டினைக் கிளாரித்ரோமைசினோடு கொடுத்தால் தசை சிதையலாம். ரிஃபாம்பிசினோடு கொடுத்தால் ரத்தத்தில் அதன் அளவு சரிந்துவிடும். வென்டிலேட்டர் நிமோனியாவில் சிம்வாஸ்டாட்டினைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பிரெஞ்சு ஆய்வு, பலன் தெரியாததால் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. முடிவு 2013-இல் வெளிவந்தது. மூட்டுவாதத்துக்கு 1985-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற தங்க மருந்தான ஆரனோஃபின், ஸ்டெஃபைலோகாக்கஸை ஆய்வகத்தில் எளிதாக வீழ்த்துகிறது. ஆனால் இன்று நம்மை அதிகம் வாட்டும் கிராம்-நெகட்டிவ் கிருமிகளுக்கு வெளிச்சவ்வும் குளூட்டாதையோனும் காவல் நிற்கின்றன.

மறுபயன்பாட்டின் முழு வரலாற்றையும் ஒரே மருந்தில் பார்க்க வேண்டுமானால் குளோஃபாசிமினைப் பாருங்கள். 1950களில் டப்ளினில் வின்சென்ட் பாரியின் குழு அதை உருவாக்கியது காசநோய்க்காக. எலிகளில் வேலை செய்தது, கினிப்பன்றிகளில் எடுபடவில்லை. காசநோய்க்காரர்கள் அதைக் கைவிட்டார்கள். (அன்று எலியை மட்டும் நம்பியிருந்தால் கதை வேறாகியிருக்கும்.) 1960களின் தொடக்கத்தில் நைஜீரியாவில் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது பலன் தெரிந்தது. பிறகு டாப்சோன், ரிஃபாம்பிசினோடு கூட்டு மருந்துச் சிகிச்சையில் நிலையான இடம் பிடித்தது. பல மருந்துக்கு மசியாத காசநோய்க்கான ஒன்பது மாதச் சிகிச்சையில் 2010 வாக்கில் வங்கதேசத்திலிருந்து நல்ல முடிவுகள் வந்தபின், புறப்பட்ட இடத்துக்கே அது திரும்பியது. இதற்கு அரை நூற்றாண்டு ஆயிற்று. அதிலும் ஒரு முள் இருக்கிறது: காசநோய்க் கிருமியின் ஆர்வி0678 மரபணுவில் ஏற்படும் மாற்றம், மருந்தை வெளியே தள்ளும் பம்பை முடுக்கிவிட்டு, குளோஃபாசிமினோடு பெடாகுயிலினையும் சேர்த்து வலுவிழக்கச் செய்கிறது. பழைய மருந்தை அசட்டையாகக் கையாண்டால் புதிய மருந்தும் கைநழுவும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஆன்டிபயாடிக் அல்லாதது என்பதாலேயே ஒரு மருந்து எதிர்ப்புத்திறனைத் தூண்டாது என்றும் நினைத்துவிடக் கூடாது. ஹைடல்பர்க் ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துகளைக் குடல் பாக்டீரியாவின் 40 வகைகள்மீது சோதித்து 2018-இல் வெளியிட்டார்கள். மனித செல்களைக் குறிவைத்து உருவாக்கிய மருந்துகளில் 24 சதவீதம், குறைந்தது ஒரு வகையின் வளர்ச்சியையாவது தடுத்தன. அம்மருந்துகளைத் தாங்கும் வழிகளும் ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் வழிகளும் பெரிதும் ஒன்றே என்பதும் அதில் தெரிந்தது.

கிருமியை விட்டுவிட்டு நோயாளியின் உடலைக் குறிவைக்கும் வழி வேறு. காசநோய் மூளைக்காய்ச்சலில் டெக்சாமெத்தசோன் இறப்பைக் குறைக்கும் என்று வியட்நாமில் நடந்த ஆய்வு 2004-இல் காட்டியது. அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. மெட்ஃபார்மினுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. செல்லுக்குள் ஒளிந்திருக்கும் காசநோய்க் கிருமியை அழிக்க அது உதவுகிறது என்று 2014-இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள். சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதை முறையான மெட்ரிஃப் ஆய்வில் நோயாளிகளிடம் சோதித்தது. அழற்சியின் அடையாளங்கள் குறைந்தன; சளியில் கிருமி மறையும் நாள் மட்டும் முந்தவில்லை. எதிர்பார்த்த விடை கிடைக்காத இந்த ஆய்வை நாம் கொண்டாட வேண்டும். காப்புரிமை முடிந்த மாத்திரைக்கு இப்படியொரு ஆய்வு நடத்த எந்த மருந்து நிறுவனமும் பணம் போடாது. பொது நிதிதான் போட வேண்டும்.

ஆகவே சர்க்கரை நோயும் காசநோயும் சேர்ந்தவருக்கு மெட்ஃபார்மின் சர்க்கரைக்காகத் தொடரட்டும். ரிஃபாம்பிசின் அதன் வீரியத்தைக் கூட்டக்கூடும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை இல்லாதவருக்குக் காசநோய்க்காக அதை எழுதாதீர்கள். இவ்விதழுக்குக் கட்டுரை அனுப்புவோருக்கு இனி ஒரு நிபந்தனை: கிருமியைத் தடுக்கும் குறைந்தபட்சச் செறிவு எவ்வளவு என்று எழுதும் அதே அட்டவணையில், வழக்கமான அளவில் உட்கொண்டால் ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் மிஞ்சும் மருந்தின் உச்சச் செறிவையும் எழுதுங்கள். இரண்டாவது எண் இல்லாத கட்டுரை மதிப்பீட்டாளருக்குப் போகாது.